எந்த வயதில் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: பின்லாந்து, சிங்கப்பூர், ஜப்பான், ஜெர்மனி என்று ஆளுக்கொரு நாட்டைச் சொல்கிறார்கள். உண்மையில் எந்த நாட்டின் அரசுப் பள்ளி முறை சிறந்தது? எதை வைத்து ஒப்பிடுவது? நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

இப்படிக் கேட்டால் பெரும்பாலும் பிசா தரவரிசையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 15 வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து பல நாடுகளில் நடத்திவரும் தேர்வு அது. 2022 சுற்றின் கணித மதிப்பெண்களைப் பாருங்கள்: சிங்கப்பூர் 575, ஜப்பான் 536, பின்லாந்து 484, ஜெர்மனி 475, அமெரிக்கா 465. இதே பின்லாந்து 2006-ல் 548 எடுத்திருந்தது. அப்போது உலகத்தின் கல்வி அதிகாரிகள் எல்லாம் ஹெல்சிங்கிக்குப் படையெடுத்தார்கள். இன்று 64 மதிப்பெண் சரிந்திருக்கிறது. அங்கே பள்ளி அமைப்பின் அடித்தளம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. தரவரிசையை மட்டும் வைத்து எடைபோட்டால் 15 வருடத்துக்கு ஒருமுறை நம் தீர்ப்பையே மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதோடு, சிங்கப்பூரின் 575-ல் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, சாயங்கால டியூஷனின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் அரசுக் கல்வியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அங்கே பிள்ளைகளை எந்த வயதில் பிரிக்கிறார்கள்? எல்லா நாடும் என்றைக்காவது ஒருநாள் பிரிக்கத்தான் செய்கிறது. ஒருவர் மருத்துவம் படிக்கிறார், இன்னொருவர் மின்சார வேலை கற்கிறார், அது நடந்தே ஆக வேண்டும். ஆனால் 10 வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் பிள்ளையைவிட வீடுதான் அதிகம் தெரியும். அம்மா அப்பா என்ன படித்தார்கள், வீட்டில் புத்தகம் இருக்கிறதா, பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். 16 வயதுக்குள் பள்ளி தன் வேலையைச் செய்ய ஓரளவு அவகாசம் கிடைத்துவிடுகிறது. அடுத்ததாகக் கேட்க வேண்டியது, பிரித்த பிறகு "கீழே போய்விட்டான்" என்று ஊர் சொல்லும் பிள்ளைக்கு அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சில நாடுகளைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் மட்டும் ஆறு வரை. அதாவது 10 வயதுவாக்கில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகும் கிம்னாசியத்துக்கா, நடுத்தரமான ரியால்ஷூலவுக்கா, தொழிலை நோக்கிப் போகும் பள்ளிக்கா என்று முடிவாகிறது. பவேரியா மாநிலம் இதில் கறார். ஜெர்மன் மொழி, கணிதம், சுற்றுப்புறப் பாடம் ஆகிய மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33-க்குள் இருந்தால்தான் கிம்னாசியத்துக்கு நேரடி அனுமதி. அங்கே 1 என்பது மிக நல்ல மதிப்பெண், 6 மிக மோசம். மே மாதத் தொடக்கத்தில் அந்தச் சான்றிதழ் வரும்வரை நான்காம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு பதற்றம் நிலவும். நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னால் பார்க்கிறோமே, அதை அவர்கள் 10 வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

2001 டிசம்பரில் முதல் பிசா முடிவுகள் வந்தபோது ஜெர்மனி சராசரிக்குக் கீழே இருந்தது. அதைவிட அவர்களை உலுக்கியது இன்னொரு விஷயம். குடும்பப் பின்னணிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் உள்ள பிணைப்பு மிக இறுக்கமாக இருந்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. 'பிசா அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சரி, அதற்கப்புறமாவது பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டார்களா? ஹாம்பர்க் நகர மாநிலம் முயன்றது. தொடக்கப்பள்ளியை ஆறு வருடமாக்கும் திட்டத்தை அங்கே சட்டமன்றக் கட்சிகள் எல்லாமே ஆதரித்தன. பெற்றோர்களின் ஓர் இயக்கம் எதிர்த்து நின்று, விஷயத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 2010 ஜூலை 18 அன்று மக்கள் அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். வசதியான பகுதிகளில் வாக்குப்பதிவு அதிகமாகவும் ஏழைப் பகுதிகளில் குறைவாகவும் இருந்தது. யாருடைய பிள்ளைகளுக்காக அந்த மாற்றம் கொண்டுவரப்பட்டதோ, அவர்களில் பலர் வாக்களிக்க வரவே இல்லை. கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் யாரும் இந்தத் தேதியை மறக்கக் கூடாது என்பேன். கட்சிகள் ஒத்துப்போவதால் மட்டும் பள்ளிக்கூடம் மாறிவிடாது.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு ஜெர்மனியிடம் நல்ல பதில் இருக்கிறது. கிம்னாசியம் போகாத பிள்ளைக்கு அங்கே கதவு சாத்தப்படுவதில்லை. இரட்டைப் பயிற்சி முறையில் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மீதி நாட்கள் ஒரு நிறுவனத்தில் நேரடி வேலை, மாதாமாதம் உதவித்தொகை. இப்படி 300-க்கும் மேற்பட்ட தொழில்கள் அரசு அங்கீகாரத்தோடு கற்றுத்தரப்படுகின்றன. மூன்று, மூன்றரை வருடத்தில் முடித்து வரும் எலக்ட்ரீசியனுக்குச் சமூகத்தில் மரியாதை உண்டு. அதற்கு மேல் தொழிலில் தேர்ந்தவர் என்று சான்று தரும் 'மைஸ்டர்' பட்டம் பெற்றால், 2009-க்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகவும் தகுதி உண்டு. சீக்கிரமே பிரித்துவிடுவது அநியாயம்தான். ஆனாலும் பிரிந்துபோன பாதையை நன்றாகப் பராமரிக்கிறார்கள். ஜெர்மனியின் தொழிற்கல்வியைப் புகழ்பவர்களும் பள்ளிப் பிரிவினையை இகழ்பவர்களும் ஒரே அமைப்பின் இரண்டு பாதிகளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்லாந்தும் ஒருகாலத்தில் ஜெர்மனி போலத்தான் இருந்தது. 10, 11 வயதில் தேர்வெழுதிச் சில பிள்ளைகள் கட்டணம் வாங்கும் உயர்தரப் பள்ளிக்குப் போவார்கள், மற்றவர்கள் ஊர்ப் பள்ளியிலேயே தங்கிவிடுவார்கள். 1968-ல் இதை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். 7 வயதிலிருந்து 16 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில். செயல்படுத்திய விதம் கவனிக்க வேண்டியது. தலைநகரில் தொடங்கவில்லை. 1972-ல் வடகோடியில் இருக்கும் லாப்லாந்தில் தொடங்கி, தெற்கு நோக்கி இறங்கி, 1977-ல்தான் ஹெல்சிங்கி பகுதிக்கு வந்தார்கள். எதிர்ப்பு எங்கே அதிகமோ அங்கே கடைசியாக வந்தார்கள், எங்கே நல்ல பள்ளி இல்லையோ அங்கே முதலில். ஒரே பள்ளி என்று அறிவித்த பிறகும்கூட, கணிதத்திலும் அயல்மொழிகளிலும் திறமைவாரியாகக் குழு பிரிக்கும் வழக்கம் 1985 வரை நீடித்தது.

பின்லாந்து பற்றி நம் வாட்ஸ்அப்பில் சுற்றும் பல செய்திகள் தவறானவை. வீட்டுப்பாடமே கிடையாது என்பார்கள். உண்டு, குறைவு, அவ்வளவுதான். தேர்வே இல்லை என்பார்கள். ஆசிரியர்கள் வகுப்பில் தேர்வு வைக்கிறார்கள். 16 வயது வரை நாடு முழுக்கப் பொதுத் தேர்வு என்று ஒன்று இல்லை, மேல்நிலைப் பள்ளி முடிவில் ஒன்று இருக்கிறது. தனியார் பள்ளியே இல்லை என்பதும் சரியில்லை. சில இருக்கின்றன, ஆனால் அவையும் அரசுப் பணத்தில் நடக்கின்றன, அடிப்படைக் கல்விக்குக் கட்டணம் வாங்க முடியாது.

இதைவிட முக்கியமானது, எந்த வரிசையில் செய்தார்கள் என்பது. ஆசிரியருக்கு முழுச் சுதந்திரம், ஆய்வாளர் வருகை கிடையாது, பாடநூலுக்கு அரசு முத்திரை தேவையில்லை என்பதையெல்லாம் நாம் வியந்து பேசுகிறோம். அவை வந்தது 1990-களின் தொடக்கத்தில். அதற்கு முன் 20 வருடம் நிலைமை நேர்மாறு. 1970-ல் வந்த பாடத்திட்டம் இரண்டு பெரிய தொகுதிகள், எல்லாமே மேலிருந்து வகுக்கப்பட்டது. அந்த 20 வருடத்தில் அவர்கள் செய்த வேலை ஆசிரியர்களை உருவாக்கியது. ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனார்கள். 1979 முதல் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்றார்கள். அந்தப் படிப்பில் சேர நீண்டகாலம் கடும் போட்டி இருந்தது. விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே இடம் கிடைத்தது. இப்படி ஒரு தலைமுறை ஆசிரியர் வந்து நின்ற பிறகுதான் கடிவாளத்தை விட்டார்கள். முதல் பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதியை மட்டும் இறக்குமதி செய்ய நினைப்பது நடக்காத காரியம். இன்றைய சரிவுக்கு என்ன காரணம் என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் இடைவெளியும் அந்த விவாதத்தின் மையத்தில் இருக்கின்றன.

இனி தென்கொரியா. பிரிக்கும் வயதை ஒரு நாடு தள்ளிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1960-களில் அங்கே நடுநிலைப் பள்ளியில் சேரவே நுழைவுத்தேர்வு இருந்தது. நல்ல பள்ளி கிடைக்க வேண்டுமென்று 12 வயதுப் பிள்ளைகள் இரவெல்லாம் படித்தார்கள். 1964 டிசம்பரில் சியோலில் நடந்த தேர்வில் ஓர் அறிவியல் கேள்வி வந்தது. 'யோத்' என்பது அரிசியைக் கொண்டு செய்யும் ஒருவகை மிட்டாய். அதைச் செய்யும்போது முளைகட்டிய தானியத்துக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்? மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் 'டயாஸ்டேஸ்' என்ற நொதிதான் சரியான விடை என்றார்கள். ஆனால் கொடுத்திருந்த விடைகளில் 'முள்ளங்கிச் சாறு' என்பதும் இருந்தது. முள்ளங்கிச் சாற்றில் டயாஸ்டேஸ் இருப்பதாகப் பாடப்புத்தகமே சொல்லியிருந்தது. அந்த ஒரு மதிப்பெண்ணில் பல பிள்ளைகள் பேர்பெற்ற பள்ளிகளில் இடம் இழந்தார்கள். தாய்மார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முள்ளங்கிச் சாற்றை ஊற்றி உண்மையிலேயே யோத் காய்ச்சி, அதைக் கல்வி அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு போய், "இதோ, சாப்பிட்டுப் பாருங்கள்" என்று நின்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது, பெற்றோர் பக்கம் தீர்ப்பானது.

ஒரு மிட்டாய்க் கேள்வி ஒரு நகரத்தையே வீதிக்கு இழுக்கிறதென்றால் கோளாறு அந்தக் கேள்வியில் மட்டும் இல்லை என்று அரசுக்கும் புரிந்தது. 1969-ல் சியோலில் நடுநிலைப் பள்ளி நுழைவுத்தேர்வை ஒழித்தார்கள், குலுக்கல் முறையில் பள்ளி ஒதுக்கினார்கள். போட்டி 15 வயதுக்கு நகர்ந்தது. 1974-ல் சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளிக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு ஒதுக்கீட்டு முறை கொண்டுவந்தார்கள். போட்டி 18 வயதுக்கு, பல்கலைக்கழக வாசலுக்கு நகர்ந்தது. டியூஷன் பெருகியது. 1980-ல் ராணுவ ஆட்சி டியூஷனையே தடைசெய்தது. 2000-ல் அந்தத் தடை செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று சியோலில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நிலையங்கள் பாடம் நடத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. பிள்ளைகள் தூங்குவதற்குச் சட்டம் போட வேண்டிய நிலை!

இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, தேர்வை ஒழித்தும் பயனில்லை" என்பார்கள் சிலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. 12 வயதுப் பிள்ளையின் தலையில் இருந்த பாரம் இறங்கியது பெரிய காரியம். நடுநிலைப் பள்ளி எல்லோருக்குமானதாக ஆனதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் பள்ளிக்குள் பாதையைச் சமன்செய்துவிட்டு, படிப்பு முடிந்து வெளியே வரும் இடத்தில் நல்ல வேலைக்கும் சாதாரண வேலைக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தை வைத்திருந்தால், போட்டி எங்காவது ஓரிடத்தில் பீறிட்டுத்தான் தீரும். என் இரண்டாவது கேள்விக்குக் கொரியாவிடம் பதில் இல்லாமல் போனதுதான் அதன் சிக்கல்.

சிங்கப்பூர் அந்தப் பதிலைத் தேடிப் பணம் போட்ட நாடு. தொடக்கப்பள்ளி முடிவில், 12 வயதில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு 1960-லிருந்து இருக்கிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடங்கள். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் மதிப்பெண்ணும் கணித மதிப்பெண் அளவுக்கே முக்கியம். அதனாலேயே தமிழுக்கும் டியூஷன் உண்டு. 1980-களிலிருந்து உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண்ணை வைத்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்துவைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களே பிள்ளைகள் மீது முத்திரையாக ஒட்டிக்கொண்டன என்று உணர்ந்து, 2024-ல் உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே வகுப்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு பாடத்தையும் தன் வலுவுக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். 1992-ல் உருவான தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு அவர்கள் கட்டியிருக்கும் வளாகங்களைப் பார்த்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகக் கட்டியது என்றே தோன்றாது. நம் ஐடிஐ கட்டடங்களை நினைத்துப் பாருங்கள்.

பிரிப்பதற்குத் தேர்வுதான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் வீட்டு முகவரியே போதும். அங்கே பள்ளிகளை நடத்துவது சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். செலவில் பெரும்பங்கு உள்ளூர் வரியிலிருந்தும் மாநில அரசிலிருந்தும் வருகிறது, மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுக்குத்தான். உள்ளூர் வரி என்பது முக்கியமாகச் சொத்து வரி. டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். அதில் ஒரு பிள்ளைக்கு 333 டாலர் கிடைத்தது. ஏழை அதிக விகிதத்தில் வரி கட்டியும் பிள்ளைக்கு மிஞ்சியது ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு. மாநில, மத்திய உதவியைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட்டில் 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594 டாலர் என்றுதான் நின்றது. பெற்றோரில் ஒருவரான டெமிட்ரியோ ரோட்ரிகஸ் முதலானோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அப்புறம் மாநில நீதிமன்றங்கள் வழியே நிறைய மாறியிருக்கிறது. ஆனாலும் நல்ல அரசுப் பள்ளிக்காக வீடு வாங்குவது என்ற வழக்கம் அங்கே இன்னும் மாறவில்லை.

ஜப்பானில் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அரசுத் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களை நியமிப்பது மாகாண அளவில். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மாறியே ஆக வேண்டும். கெட்டிக்கார ஆசிரியர் வசதியான நகரத்துப் பள்ளியிலேயே வேரூன்றிவிட முடியாது. அதனால் 15 வயதுவரை எந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்தாலும் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதில்லை. 15-ல் உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வு வருகிறது, அங்கே தரவரிசையும் டியூஷனும் தலைதூக்குகின்றன, அது வேறு கதை. மதிய உணவை வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே வகுப்புக்குக் கொண்டுவந்து பரிமாறும் காட்சியைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதை எல்லோரும் பகிர்கிறார்கள். ஆசிரியர் மாறுதல் விதியை யாரும் பகிர்வதில்லை.

நமக்கு நெருக்கமான இலங்கையையும் சொல்ல வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945-ல் அங்கே இலவசக் கல்வி வந்தது. விடுதியோடு கூடிய மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களில் எழுந்தன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை கிராமத்து ஏழைப் பிள்ளையை அந்தப் பள்ளிகளுக்கு அழைத்துவரத்தான் பிறந்தது. இன்று அதே பரீட்சை நகரத்துப் பேர்பெற்ற பள்ளிகளுக்கான போட்டியாகிவிட்டது. 10 வயதுப் பிள்ளைகளை டியூஷன் டியூஷனாக அலையவிடுகிறது. நல்ல நோக்கத்தில் தொடங்கிய ஒரு பிரிப்பு, பள்ளிகளுக்கு நடுவே ஏற்றத்தாழ்வு நீடிக்கும்வரை வசதியுள்ளவர் பக்கமே சாய்ந்துவிடுகிறது.

சரி, தமிழ்நாடு பிள்ளைகளை எந்த வயதில் பிரிக்கிறது? பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போது என்று சொல்லத் தோன்றும். என் கணக்கில் 3 வயதில். எல்கேஜி சேர்க்கையின்போது எந்தப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடிகிறது என்பதில் அது முடிந்துவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலாகக் கிடந்ததை 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது புத்தகத்தைத்தான் பொதுவாக்கியது, பெஞ்சு இன்னும் பொதுவாகவில்லை. வசதியுள்ளவர்கள் பலர் சிபிஎஸ்இ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மாநகரத்தில் ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரு நாள்கூட ஒரே வகுப்பில் உட்காராமல் பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம்.

ஆகவே, எதை எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு என் பதில் பின்லாந்தின் வகுப்பறை இல்லை. தனியார் பள்ளிகளை இழுத்து மூடச் சொல்லவும் மாட்டேன், ஹாம்பர்க்கில் நடந்தது இங்கே இன்னும் வேகமாக நடக்கும். முதலில் எடுக்க வேண்டியது ஜப்பானின் ஆசிரியர் ஏற்பாடு. ஒவ்வொரு ஆண்டும் நம் பொது மாறுதல் கலந்தாய்வில் என்ன நடக்கிறது? வெளியூரில் பணியில் சேர்ந்தவர் சொந்த ஊருக்குத் திரும்பக் காத்திருக்கிறார், மலைக் கிராமத்துப் பள்ளியில் இடம் காலியாகிறது. அந்த ஆசிரியரைக் குறைசொல்ல மாட்டேன். குடும்பத்தை விட்டுத் தனியாக ஒரு மலையில் எத்தனை வருடம் இருப்பார்? ஜப்பான் 1954-லேயே தொலைதூரப் பகுதிப் பள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. தீவிலும் மலையிலும் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு மாகாணம் சிறப்புப் படி தர வேண்டும், தங்க வீடு உள்ளிட்ட வசதிக்கு உள்ளூர் நிர்வாகம் முயல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எல்லா ஆசிரியருக்கும் பொதுவான சுழற்சி, கடினமான இடத்துக்குப் போகிறவருக்குக் கூடுதல் படி, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு குடியிருப்பு. இந்த மூன்றுக்கும் புதிய பாடத்திட்டம் வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் குழுவும் வேண்டாம். ஓர் அரசாணையும் அதற்கான பணமும் இருந்தால் வரும் ஜூன் மாதமே கல்வராயன் மலையில் தொடங்கலாம்.